கரட்டடி மாப்பிள்ளை

மழை அடுத்தடுத்து இரண்டு ஐப்பசிகளில் எங்களை ஏமாற்றிவிட்டுப் போன பிறகு, பங்குனி மாதத்துப் பகல் ஒன்றில், நகரத்தின் மேற்கே நிற்கும் கரட்டின் உச்சியில் பிடித்த நெருப்பு, காய்ந்த புல்லைத் தின்று, சீமைக் கருவேலத்தைத் தின்று, ஆடு மேய்த்தவர்கள் போட்டுவிட்டு ஓடிய குடை ஒன்றையும் தின்று, சரிவில் இறங்கி வந்து, கரட்டடிக் குடியிருப்பின் முதல் வீட்டுக்கு முன்னால், ஒரு கட்டில் போடும் தூரத்தில் நின்றது. அணைந்துவிடவில்லை, நின்றது. ஓலையும் தகரமும் பழைய ப்ளெக்ஸ் பேனரும் போர்த்திய எங்கள் கூரைகள்தான் தின்பதற்கு மிச்சம் இருந்தன, அவற்றைத் தொடாமல், ஆள் உயரத்துக்கு, கரட்டின் அடி நெடுக ஒரே வரிசையாக நின்றது.

முதல் நாள் நாங்கள் ஓடினோம். ஓடுவதற்கு இருந்த இடம் சுவர். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரட்டுக்கும் புறவழிச் சாலைக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோம்; இந்த நகரத்தின் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டியவர்கள், மாடிகளுக்குச் செங்கல் சுமந்தவர்கள், வேலை முடிந்ததும் எங்கே போவது என்று யாரும் சொல்லாததால் கரட்டடியிலேயே தங்கிவிட்டவர்கள். புறவழிச் சாலையைத் திறந்துவைக்கப் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று, அவர் கண்ணில் எங்கள் கூரைகள் பட்டுவிடக் கூடாது என்று, ஒரே வாரத்தில் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு சுவரை எழுப்பி, அந்தப் பக்கம் தோகை விரித்த மயிலும் துள்ளும் காளையும் வரைந்து, எங்கள் தெரு சாலையில் போய்ச் சேரும் வாயை அடைத்தார்கள். பெரிய மனிதர் வேறு வழியாக வந்து வேறு வழியாகப் போனார். சுவர் இருந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் வெளியே போக வேண்டுமானால் கரட்டின் அடியோரம் உள்ள வண்டித்தடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், இப்போது நெருப்பு வந்து நின்றது அந்தத் தடத்தில்தான்.

தீயணைப்பு வண்டிகள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. குழாயைச் சுவருக்கு மேலே தூக்கி எறிந்தார்கள், நாங்கள் பிடித்துக்கொண்டு ஓடினோம், தண்ணீர் பாய்ந்தது. பேருந்து வாரியடிக்கும் சேற்றுக்கு ஒதுங்குகிற வெள்ளைவேட்டிக்காரரைப் போல நெருப்பு கொஞ்சம் ஒதுங்கியது, தண்ணீர் தீர்ந்ததும் மறுபடி தன் இடத்துக்கு வந்து நின்றது. இரண்டாவது வண்டித் தண்ணீருக்கும் அப்படியே செய்தது. மூன்றாவது வண்டிக்குத் தண்ணீர் இல்லை. சாயங்காலம் வரை சுவரோடு ஒட்டி நின்றிருந்த ஜனம், பசித்த பிள்ளைகளை இன்னும் எவ்வளவு நேரம் பட்டினி போடுவது என்று, ஒருவர் பின் ஒருவராக வீடுகளுக்குத் திரும்பி அடுப்பு மூட்டியது.

முதல் வீடு சகாயமேரியின் வீடு. அவள் புருஷன் மாசிலாமணி, சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது நிற்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் சாரம் கட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், வாசலைப் பார்த்துப் போட்ட கட்டிலில் கிடக்கிறவர். மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்து, குழாய் மாற்ற வேண்டும். சுவர் வந்த பிறகு புடவையில் தொட்டில் கட்டி, நான்கு பேர் தோள் கொடுத்து, தடத்தைச் சுற்றித் தூக்கிப்போவோம். நெருப்பு வந்த பிறகு தடத்தில் மிஞ்சியது ஓர் ஆள் பக்கவாட்டில் நடந்துபோகும் இடம். நடக்கிறவர்களுக்கு அது போதும். தூக்கிப்போக வேண்டியவருக்குப் போதாது.

நெருப்புக்குப் பேர் வைத்தது அவர்தான். காலையில் சகாயமேரி வாசல் தெளிக்கும்போது கட்டிலிலிருந்தபடி சொன்னார்:

"மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான் பாரு. யாராச்சும் ஆரத்தி எடுத்தாத்தான் உள்ள வருவான் போல."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா கிடங்க" என்றாள் அவள். ஆனால் தண்ணீரை அந்தப் பக்கம் படாமல் ஒதுக்கித் தெளித்தாள்.

பேர் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையை எப்படி நடத்துவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழைத்தால் வந்துவிடுவான், அவமானப்படுத்தினால் சும்மா இருக்க மாட்டான். இரண்டும் செய்யாதவரை நிற்பான். ஆகவே அவன் பக்கம் எச்சில் துப்பக் கூடாது, குப்பையை அவன் பக்கம் கூட்டித் தள்ளக் கூடாது, அவன் கண்ணெதிரே யாரும் யாரையும் கையசைத்துக் கூப்பிடக் கூடாது என்று, எந்தக் கூட்டமும் போடாமலே, தீர்மானமாயிற்று. பெண்கள் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குத் தட்டைக் கரண்டியால் தட்டினார்கள். விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தட்டின் சத்தம் எது என்று கற்றுக்கொண்டார்கள்.

பிறகு வாழ்க்கை அதன் மேல் படிந்தது. வடகம் ஒரே மதியத்தில் காய்ந்தது. குளிக்க வெந்நீர் வேண்டியவர்கள் குடத்தை அவன் ஓரமாக வைத்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டார்கள். சிலிண்டர் போடும் பையன், "உங்க ஏரியாவுல எல்லாரும் ஓட்டல்லயா சாப்புடுறீங்க" என்று சலித்துக்கொண்டான். ஒருவர் சூலம் நட்டு மஞ்சள் துணி கட்டினார், சகாயமேரி வேளாங்கண்ணி மாதா படத்தை வாசல் நிலையில் மாட்டினாள், காதர் பாய் டீக்கடையை இரண்டடி முன்னால் நகர்த்தி, பாய்லருக்குக் கரி வாங்குவதை நிறுத்தினார். இத்தனைக்கும் கூரையில் ஓர் ஓலை கருகவில்லை. மாசிலாமணி பகல் முழுவதும் அதோடு பேசிக்கொண்டு கிடந்தார். நகர முடியாத இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து ஒருவருக்கொருவர் பொழுதைத் தள்ளினார்கள்.

நாங்கள் மனு கொடுத்தோம். திங்கட்கிழமை என்றால் குறைதீர் நாள், குறைதீர் நாள் என்றால் நான் நடத்தும் கரட்டடிச் சங்கம் வரிசையில் நிற்கும், இது இந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். சுவரை இடியுங்கள், தெருவைச் சாலையோடு சேருங்கள், தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி விடுங்கள் என்று எழுதினோம். கரடு எங்களுடையது, அடிவாரம் எங்களுடையது அல்ல என்றது வனத்துறை. அடிவாரம் புறம்போக்கு, அங்கே இருப்பது நெருப்பானாலும் ஆளானாலும் ஆக்கிரமிப்புதான் என்றது வருவாய்த்துறை. சுவர் எந்தத் தலைப்பில் கட்டப்பட்டது என்பதற்குக் கோப்பு இல்லை, கோப்பில்லாத சுவரை இடிக்க முடியாது என்றது மாநகராட்சி. மறியல் செய்தோம். வழக்கம்போல எங்களை ஏற்றிப்போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் போட்டு, ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள். இந்த நகரத்தில் நான் பார்க்காத கல்யாண மண்டபம் கிடையாது. பார்த்த கல்யாணங்கள் குறைவு.

தொலைக்காட்சியில் நான்கு கட்டங்களில் நான்கு பேர் தினமும் பேசினார்கள், பின்னணியில் எங்கள் நெருப்பு நின்றது. உங்கள் ஆட்சியில் மூன்று தீ, எங்கள் ஆட்சியில் ஒன்றுதான் என்றார் ஒருவர். அந்த ஒன்று மூன்றைவிட நீளம் என்றார் மற்றவர். அரசு தயார்நிலையில் இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கலைக் கல்லூரி மைதானத்தில் ஒத்திகை நடத்தினார்கள். பழைய டயர்களைக் குவித்துத் தீ வைத்து, நல்ல தண்ணீர் ஏழு வண்டி கொண்டுவந்து பீய்ச்சி அணைத்து, கைதட்டிக்கொண்டார்கள். அந்த மைதானத்திலிருந்து தலையைத் திருப்பினால் எங்கள் நெருப்பு தெரியும். யாரும் திருப்பவில்லை. அன்று பீய்ச்சிய தண்ணீர் எங்கள் குடியிருப்புக்கு ஒரு மாதத்துக்குக் காணும்.

சித்திரை போய் வைகாசி வந்தது. மாசிலாமணியின் புண்ணில் நாற்றம் வரத் தொடங்கியது. ஒரு நர்ஸம்மா புண்ணியத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும், இந்த மாசம் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நடந்து போனாள். அன்று சகாயமேரி சுவருக்குப் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள், மாட்டின் காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பவளைப் போல.

அப்போதுதான் அரசு அசைந்தது. நகரத்தின் தெற்கே, பேருந்து காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் போகிற வெள்ளக்கல்மேட்டில், ஆள் குடிவராத அடுக்குவீடுகள் இருக்கின்றன. கரட்டடியை ஆபத்தான பகுதி என்று அறிவித்து எங்கள் எல்லோரையும் அங்கே அனுப்பிவிடலாம் என்று யோசனை, அதற்காகக் கோட்டாட்சியர் வந்து கருத்துக் கேட்பார் என்று தண்டோரா. ஆபத்து என்று நாங்கள் சொன்னால் குடியிருப்பு போகும். ஆபத்தில்லை என்று சொன்னால் சுவரை இடிக்கக் காரணம் போகும்.

தண்ணீர் ஏறாத தண்ணீர்த் தொட்டிக்கடியில் கூடினோம். ஆட்டோ ஓட்டும் பொன்னுரங்கம் முதலில் எழுந்து என் பக்கம் திரும்பினான். ஆட்டோவை நெருப்பு வந்த நாளிலிருந்து வெளியே எடுக்க முடியாமல், தினமும் துடைத்து மட்டும் வைத்துக்கொண்டிருந்தவன்.

"அண்ணே, நீங்க நாப்பது வருசமா உண்மையச் சொல்றீங்க. என்ன கெடச்சுது? ஒருநா பொய் சொல்லிப் பாப்போம்."

"என்ன பொய்?"

"நெருப்பே இல்லைன்னு."

சிரிப்பு எழுந்தது. காதர் பாய், "டேய், அது நின்னு கேட்டுக்கிட்டு இருக்குடா" என்றார்.

"கேக்கட்டும் பாய். அவன்தான் நம்மாளு ஆச்சே. அனுசரிச்சுப் போவான்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாதே, நீ கேட்க வேண்டியதைக் கேள் என்று, எத்தனையோ துண்டறிக்கைகளில் அச்சடித்ததையே மறுபடி சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பொன்னுரங்கம் சொன்னதற்குக் கை தூக்கினார்கள். சகாயமேரி மட்டும் கை தூக்கவில்லை.

"வெள்ளக்கல்மேட்டுல நாலாவது மாடின்றாங்க" என்றாள். "அவர ஏத்தவும் முடியாது, எறக்கவும் முடியாது. ஆஸ்பத்திரி முப்பது மைலு. இங்கன்னா சுவரு. நான் எதச் சொல்ல?"

கூட்டம் கலைந்தது. தோற்ற தீர்மானத்தைத் தூக்கிச் சுமக்கத் தெரியாதவன் சங்கம் வைக்கக் கூடாது. நானும் எல்லோரோடும் எழுந்து வீட்டுக்குப் போனேன்.

கூட்டம் நெருப்புக்கு முன்னாலேயே நடந்தது, அங்கேதான் இடம் இருந்தது. ஷாமியானா, ப்ளாஸ்டிக் நாற்காலிகள், மாலை போட்ட மைக். கோட்டாட்சியர் வயதில் சிறியவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிடரி வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைப் பிழிந்தார்.

"விஷயம் சுலபம்" என்றார். "இங்க நெருப்பு இருக்கா இல்லையா. இருந்தா மாற்று இடம் தர்றோம். இல்லைன்னா நீங்க பாட்டுக்கு இருங்க."

"இருக்கிறது, ஆகையால் சுவரை இடியுங்கள்" என்றேன் நான். இதற்கு அவருடைய தாளில் கட்டம் இல்லை. "அது வேற துறை ஐயா, உக்காருங்க" என்றார், அன்பாகவே.

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். முகத்தில் அந்தச் சூடு படப்பட, கண்ணில் அந்த வெளிச்சம் ஆடஆட, இல்லை என்றார்கள். பொன்னுரங்கம், "நெருப்பா? வெயிலு சார்" என்றான். அதன் ஓரத்தில் பாய்லரை வைத்திருந்த காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டு, "நமக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் இல்லீங்க" என்றார். நெருப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் ஓசை மட்டும், உலை கொதிப்பதுபோல் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மெல்லிய ஓசை, நின்றுபோயிருந்தது.

கடைசியில் முதல் வீடு. கோட்டாட்சியர் சகாயமேரியைக் கேட்டார். அவள் எழுந்து, பின்னால் கட்டிலில் கிடக்கும் புருஷனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், நெருப்பைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. உன் வீட்டு வாசல்லதானே. இருக்கா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நீ பாத்ததே இல்லையா?"

"இல்லீங்க."

"அப்போ எதிர நிக்கிறது என்ன?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கோட்டாட்சியர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். நெருப்பு இல்லை என்று ஆனதால், சுவருக்கு அந்தப் பக்கம் பேருக்கு நின்றுகொண்டிருந்த ஒரே தீயணைப்பு வண்டியும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிப் போயிற்று. ஷாமியானாவைச் சுருட்டினார்கள். ஜெயித்துவிட்டதாகப் பிள்ளைகள் தட்டுகளைத் தட்டினார்கள்.

மாசிலாமணி அன்று முழுவதும் நெருப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வெயில் சாயும் நேரத்தில், "மேரி" என்று கூப்பிட்டார். "அவன் மூஞ்சியப் பாரு. சபையில வச்சு நாம அவன யாருன்னே தெரியாதுன்னுட்டோம். எந்த மாப்பிள்ளை பொறுப்பான்?"

அவள் பார்த்தாள். ஆள் உயரம் இருந்த நெருப்பு முழங்கால் உயரத்துக்குக் குனிந்திருந்தது. படியேறுவதற்கு முன் செருப்பைக் கழற்றக் குனிகிறவர் அப்படித்தான் இருப்பார். பிறகு அது உள்ளே வந்தது.

அவசரப்படவில்லை. பத்திரிகை வைக்க வருபவரைப் போல ஒவ்வொரு வீடாக, ஒரு வீட்டையும் தாண்டிப் போகாமல், தகரத்தை வளைத்து, ஓலையைச் சொரிந்து, வெடிக்கிற சிலிண்டருக்குக் கொஞ்சம் ஒதுங்கி நின்று, தெருவில் இறங்கி வந்தது. பக்கத்தில் நின்ற நான்கு பேர் மாசிலாமணியைக் கட்டிலோடு தூக்கினோம், ஜனம் மொத்தமும் சுவருக்கு ஓடியது, முதல் நாள் ஓடிய அதே இடத்துக்கு. அங்கே போய் நின்றதும், எத்தனையோ வருஷம் அதன் நிழலில் உட்கார்ந்து மனு எழுதிய ஜனம், அதைத் தொடத் தோன்றாமல், யாராவது வருவார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னத்தப் பாக்குறீங்க" என்றாள் சகாயமேரி. அவள் கத்தவில்லை. "பொன்னுரங்கம், வண்டிய எடு."

"யக்கா, வண்டி போயிரும்."

"எடுரா."

பொன்னுரங்கம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஆட்டோவைப் பின்பக்கமாக ஓட்டிவந்து சுவரில் மோதினான். ஒரு மோதல். வெறும் மணல், சிமெண்ட் என்று பேருக்குப் பூசியது. சுவர், தூக்கம் வந்த கிழவனைப் போல முட்டி மடங்கி அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தது. சட்டப்பேரவையில் இரண்டு முறை கேள்வி எழுப்பப்பட்ட சுவர். என் ஆயுளில் நல்ல பாதியை நான் கொடுத்த சுவர். தூசி அடங்குவதற்குள் ஜனம் அதன் மேல் ஏறி ஓடியது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு கடந்தபோது, மாசிலாமணி கழுத்தைத் திருப்பி, கீழே துண்டுதுண்டாகப் புரண்டு கிடந்த சித்திரத்தைப் பார்த்தார். "மயிலா வரைஞ்சிருந்தாங்க?" என்றார். "நல்லாத்தான் இருந்திருக்கு."

எங்கள் பின்னால் நெருப்பும் அந்த வழியாகவே வெளியே வந்தது. சாலையைக் கடந்து, அடுக்குமாடிக் கட்டடத்தின் புல்தரைக்கு முன்னால், ஒரு கட்டில் போடும் தூரத்தில், மறுபடி ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. அங்கே நின்ற உடனே அது நெருப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெரிய நெருப்பு, பேரிடர், முதல்நிலை என்று அறிவித்தார்கள். மைதானத்து ஒத்திகைக்கு வந்த ஏழு வண்டிகளும், தண்ணீரோடு, வந்து வரிசையாக நின்றன, இன்றைக்கும் நிற்கின்றன.

கரட்டடியில் எரிந்தது சமையல் கவனக்குறைவு என்று அன்று ராத்திரியே அறிக்கை வந்தது. அங்கே நெருப்பு இல்லை என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். வீடுகளுக்கு ஒன்றும் இல்லை. பொதுச்சொத்தாகிய சுவரைச் சேதப்படுத்தியதற்கு மட்டும் வழக்கு. முதல் குற்றவாளி நான், இரண்டாவது சகாயமேரி, மூன்றாவது பொன்னுரங்கம். விடிந்ததும் எல்லோரையும் ஏற்றிப்போய், வழக்கம்போல, ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். போகிற வழியில் பெரியாஸ்பத்திரி இருந்தது. சகாயமேரி வேன் படியில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்ததால், மாசிலாமணியை இறக்கிப் புண்ணைச் சுத்தம் செய்து குழாய் மாற்றி, மறுபடி ஏற்றினார்கள். மண்டபத்தில் கட்டில் போட வேறு இடம் இல்லாமல் அவரை மணமேடை மேல் வைத்தோம். பின்னால் தெர்மாகோல் எழுத்தில் யாரோ இரண்டு பேருடைய பெயர்கள் ஒட்டியிருந்தன. அவர் தூங்கிவிட்டார்.

சாம்பார் சாதம் வந்தது. வாக்குமூலம் எழுதுகிற ஏட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்களை மாதிரியே தூக்கம் கெட்ட முகத்தோடு, சகாயமேரியைக் கேட்டார்:

"சுவத்த ஏம்மா இடிச்சீங்க?"

அவள் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தூரத்தில், கட்டடங்களுக்கு நடுவே, ஏழு வண்டிகளுக்கும் எதிரில், அது நின்றுகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை வந்தாருங்க" என்றாள். "வழி விட வேணாமா?"